தண்ணீரில் கரைத்து காலை…

போன மாதம் எங்கள் மருந்தாளுநர் வாட்ஸ்அப் குழுவில் புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேடம், ஸ்டோர்ல பொட்டாசியம் பெர்மாங்கனேட் பாட்டில் ஒண்ணு தூசி படிஞ்சு கிடக்கு. இப்ப யாரும் அதிகமா எழுதறதில்ல. சிங்க்ல கொட்டிடலாமா?"

கொட்டுவதாம்! சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கொட்டாதே. முதலில் பக்கத்தில் கிளிசரின் இருக்கிறதா பார்" என்று பதில் அனுப்பினேன். உடனே நாலைந்து பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம் ஆகியும் இந்த அம்மாவுக்கு அதிகாரம் போகவில்லை என்று நினைத்திருப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அந்தப் பெண் மட்டும் "ஏன் மேடம்?" என்று கேட்டாள். பதில் எழுத ஆரம்பித்தேன். அது கட்டைவிரலால் தட்டி முடிகிற பதிலாக இல்லை.

என் பெயர் வசந்தா. முப்பத்து நாலு வருஷம் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்தேன். ஜனங்களுக்கு நான் கம்பவுண்டரம்மா. தஞ்சாவூரில் இரண்டு வருஷம் படித்த படிப்பில் பாதி மறந்துவிட்டது. மறக்காததில் பாதி இப்போது மாறிவிட்டது. அதனால் அந்தக் கதை வேண்டாம். ஒரு பக்கம் நெல்வயலும் மறுபக்கம் மீன்பிடிக் குப்பமுமாக இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் இருந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். தப்பு என்னுடையது, ஊர் என்ன செய்யும்?

எனக்கு அப்போது ஒரு கர்வம் உண்டு. கையெழுத்து. டாக்டர்கள் கிறுக்குவதை எல்லாம் நான் உறையின் மேல் அச்சு மாதிரி எழுதிக் கொடுப்பேன். "கம்பவுண்டரம்மா எழுதுனா கண்ணு தெரியாதவங்களும் படிக்கலாம்" என்று வரிசையில் நிற்பவர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கு எழுத்து இன்னும் உருண்டையாகிக்கொண்டே போயிற்று.

டாக்டர் செல்லதுரை அங்கே மாற்றலாகி வந்தபோது என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஒல்லி. முழுக்கைச் சட்டையை முழங்கை வரை மடித்துவிட்டிருப்பார். கத்தவே தெரியாத மனிதர். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும், இவருக்கு இறங்கும். குரல் காதில் விழாத அளவுக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஆஸ்பத்திரியே நடுங்கும்.

வந்த முதல் வாரம் மருந்தறைக்குள் நுழைந்து அலமாரியைப் பார்த்தார். பாட்டில்களை நான் உயர வாரியாக அழகாக அடுக்கியிருந்தேன். பாராட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் இரண்டு பாட்டில்களைச் சுட்டிக் காட்டினார். ஒன்று பெர்மாங்கனேட் படிகம், இன்னொன்று கிளிசரின்.

"இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சது யாரும்மா?"

"நாந்தான் சார். ஒரே சைஸ் பாட்டில்."

"உடைஞ்ச ஓடு ஒண்ணு கிடைக்குமா?"

பின்பக்கம் கிணற்றடியில் ஒரு ஓட்டுத் துண்டை வைத்தார். அதன்மேல் ஒரு சிறு கரண்டி படிகம். கறுப்புக் கற்கண்டுத் தூள் மாதிரி, வெயிலில் ஊதாவாக மினுக்கும். நடுவில் ஒரு குழி பறித்து, அதில் சில சொட்டு கிளிசரினை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. சாருக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. "கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார். லேசாகப் புகைந்தது. பிறகு குப்பென்று தானாகப் பற்றிக்கொண்டு ஊதா நிறச் சுவாலை எழுந்தது. தீக்குச்சி கிடையாது, ஒன்றும் கிடையாது.

"ரெண்டுமே நல்ல சரக்குதான். சேரக்கூடாது, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, ஓட்டின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே அலமாரியை மாற்றி அடுக்கினேன். இதையே வேறு ஒருவர் என்றால் எனக்கு ஒரு மெமோ கொடுத்திருப்பார். மெமோ மறந்துபோகும். அந்தச் சுவாலை மறக்கவில்லை.

நடவு ஆரம்பித்தால் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கால்கள் வரும். விடிந்ததிலிருந்து சேற்றில் நின்று நாற்று நடுகிற பெண்களுக்கு விரலிடுக்கில் தோல் வெளுத்து, ஊறி, பிளந்து, நீர் வடியும். சேற்றுப்புண். பார்க்கச் சின்னதாக இருக்கும். அதை வைத்துக்கொண்டு மறுபடி சேற்றில் இறங்குவது என்ன என்று இறங்கியவர்களுக்குத்தான் தெரியும். இறங்காவிட்டால் நடவு கும்பலில் இடம் போய்விடும். முன்பு இருந்தவர்கள் "காலைக் கழுவிட்டு உள்ள வா" என்று வாசலிலேயே விரட்டுவார்கள். செல்லதுரை முக்காலியை இழுத்துப்போட்டு அவர்கள் காலடியில் உட்கார்ந்துகொள்வார். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பார். சேற்றின் நிறத்தைப் பார்த்து, "வடக்கு வாய்க்கால் வயலா?" என்று கேட்பார். பாதி நேரம் தப்பாகத்தான் இருக்கும். அந்தப் பெண்கள் சிரித்துவிடுவார்கள். அவருக்கு வேண்டியதும் அதுதான் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அந்தக் கால்களுக்கு அவர் நம்பிய மருந்து பெர்மாங்கனேட். விலை கொஞ்சம், வேலை அதிகம். ஆனால் அது ஒரு பொல்லாத சரக்கு. கிருமியைச் சுட்டுக் கொல்கிற அதே குணம் தோலையும் சுடும். கிருமியை மட்டும் சுட்டுத் தோலை விட்டுவிட வேண்டும் என்றால் அளவில்தான் இருக்கிறது சூட்சுமம். அதை எனக்கு அவர் கற்றுக்கொடுத்த விதத்தை இங்கே எழுதியே தீருவேன்.

ஒரு கிராம் படிகம், நூறு மில்லி கொதித்து ஆறிய தண்ணீர். கண்ணாடிக் குச்சியால் கலக்கு. கரைந்துவிட்டது என்று கண் சொன்னால் நம்பாதே. அடர் ஊதாவில் அடியில் கிடப்பது தெரியாது. மூடி வை, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கலக்கு, பிறகு பஞ்சு வழியாக இன்னொரு பாட்டிலில் வடிகட்டு. கரையாத ஒரு தூள் புண்ணில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வெந்துவிடும். வெளிச்சம் படாத பழுப்புப் பாட்டிலில் வை. வேண்டும்போது அதிலிருந்து பத்து மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் விடு. இப்போது இளம் ரோஸ் நிறம் வரும். ஒரு கண்ணாடி டம்ளரில் அதை எடுத்து, பின்னால் செய்தித்தாளைப் பிடித்து, சின்ன எழுத்தை வாசித்துப் பார்ப்பார். வாசிக்க முடியவில்லை என்றால், "காரம் கூட. கொட்டிட்டு மறுபடி கலங்கம்மா" என்பார். கலந்தது பழுப்பாக மாறிவிட்டால் வீரியம் செத்துவிட்டது என்று அர்த்தம்; அதையும் கொட்ட வேண்டும்.

வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டு, எதிரே மூன்று பிளாஸ்டிக் பேசன்கள். பெண்கள் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, ரோஸ் தண்ணீரில் கால் மணி நேரம் காலை வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். எழுந்து போகும்போது நகமெல்லாம் பழுப்பேறியிருக்கும். "டாக்டரய்யா நமக்கு மருதாணி வச்சு வுட்டுட்டாருடி" என்று ஒரே கேலி. மருதாணி எனக்கும் உண்டு. கலந்து கலந்து என் விரல் நுனிகள் எப்போதும் பழுப்பாகவே இருக்கும். சோப்புப் போட்டாலும் போகாது.

வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். "படிகம் இந்த கவுண்டரத் தாண்டக் கூடாது. கரைச்ச தண்ணிதான் போகணும்." அதுவும் ஆஸ்பத்திரியில் காலியான பழுப்பு மருந்துப் பாட்டிலில்தான். ஜனங்கள் கொண்டுவருகிற கலர் பாட்டில், குவார்ட்டர் பாட்டில் எதிலும் ஊற்றக் கூடாது. குடிக்கிற பாட்டிலில் இருப்பதைக் குடிக்கத்தான் கை போகும் என்பார். நானும் அதை வரி பிசகாமல் கடைப்பிடித்தேன். ஒரு நாள் தவிர.

சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த ஒரு காலை. வரிசை வாசல் வரை நின்றது. பக்கிரியம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். நடவு ஆள், ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை. வீட்டில் அவரும் மருமகள் செந்தாமரையும்தான். அவர் காலுக்கு ரோஸ் தண்ணீர் எழுதியிருந்தது. மருமகளுக்கு முதல் நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. அவளுக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச்சர்க்கரைப் பொட்டலம் எழுதியிருந்தது. வெளியே நடவு கும்பலை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டி நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

பழுப்புப் பாட்டில் ஒன்றுகூட மிச்சமில்லை. அந்த வாரம் வந்த கால்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டன.

"தாயி, வண்டி போயிடும் தாயி. ஒரு பேப்பர்ல மடிச்சுக் குடேன். எனக்குத் தெரியாத ரோஸ் தண்ணியா?" என்று பக்கிரியம்மாள் கெஞ்சினார்.

மடித்துக் கொடுத்தேன். ஒரு கிராம் இருக்கும். "குடிக்கிறது இல்ல. நாலே நாலு தூள், ஒரு பேசன் தண்ணி, ரோஸ் கலர் வந்தாப் போதும்" என்று வாயால் சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். கையெழுத்துக் கர்வம் விடுமா? பொட்டலத்தின் மேல் எழுதவும் செய்தேன். 'தண்ணீரில் கரைத்து காலை ஊற வைக்கவும்' என்று எழுத நினைத்தேன். 'தண்ணீரில் கரைத்து காலை' வரை வந்தது. அதற்குள் ஹாரன். பின்னால் ஒருவர் சீட்டை நீட்டினார். நான் அவரைப் பார்த்தபடியே மிச்சத்தை எழுதினேன். நாளுக்கு இருநூறு உறைகளில் 'காலை' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லை எழுதிப் பழகிய கை அது. என்னைக் கேட்காமலே எழுதிவிட்டது.

'தண்ணீரில் கரைத்து காலை மாலை.'

அச்சு மாதிரி இருந்தது.

இரண்டு பொட்டலங்களையும் ஒரே மஞ்சள் பையில் போட்டேன். பக்கிரியம்மாள் ஓடிப்போய் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, பையை ஆணியில் மாட்டி, "பையில மருந்து இருக்கு, கரைச்சுக் குடிச்சுட்டுப் படு" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். மருமகள் எட்டாவது வரை படித்தவள். மேலே இருந்த பொட்டலத்தை எடுத்தாள், வாசித்தாள். முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினாள். நிறத்தைப் பார்த்து, திராட்சை ருசி போட்டது போல என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னாள். ஒரு வாய்தான் விழுங்கினாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து வாசலில் கூச்சல் கேட்டது. "மருந்து குடிச்சுட்டா! மருந்து குடிச்சுட்டா!"

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் இரண்டு. உடம்புக்குக் கொடுப்பது ஒன்று, பயிருக்கு அடிப்பது ஒன்று. "மருந்து சாப்பிட்டாளா?" என்று கேட்டால் நான் கொடுத்த மருந்து. "மருந்து குடிச்சுட்டா" என்றால் பூச்சிமருந்து; சாக நினைத்தவள் என்று அர்த்தம். அந்த ஒரு வாக்கியம் வாசலில் விழுந்ததும் மிச்சக் கதையை ஜனங்களே கட்டிவிட்டார்கள். புருஷனோடு போனில் சண்டையாம். மாமியார் கொடுமையாம். மாமியார்க்காரி மருமகளைக் கொன்றுவிட்டு நடவுக்குப் போய்விட்டாளாம். தகவல் கேட்டு வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடிவந்த பக்கிரியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். "ஏண்டி இப்புடி பண்ண? நான் என்னடி சொன்னேன் ஒன்ன?" பாவம், அவரே நம்பிவிட்டார்.

பூச்சிமருந்து என்றால் ஆஸ்பத்திரி தானாக ஓடும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவ வேண்டும். கழுவுகிற தண்ணீருக்கு அந்த நாளில் எங்களிடம் வழக்கமாக இருந்தது எது தெரியுமா? நீர்த்த பெர்மாங்கனேட். நர்ஸ் எட்டிப் பார்த்து, "வசந்தாக்கா, வாஷுக்குக் கலந்து கொண்டாங்க, சீக்கிரம்" என்றார். ஒரு பெரிய ஜக்கில் கலந்து எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டிலைச் சுற்றிக் கூட்டம். டாக்டர் செல்லதுரை ஒரு கையில் குழாயைப் பிடித்தபடி, இன்னொரு கையால் அவள் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிமருந்து குடித்தவர்களுக்குக் கண்மணி குண்டூசித் தலையாகச் சுருங்கியிருக்கும். இவளுக்குச் சுருங்கவில்லை. அவர் தயங்குகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. சுற்றி நின்றவர்கள், "என்ன டாக்டரே பாத்துக்கிட்டே நிக்கிறீங்க, குழாய வுடுங்க" என்று நெருக்கினார்கள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். பூச்சிமருந்து வாடை இல்லை. உதடுகள் பழுப்பாக இருந்தன. நாக்கு கறுப்பேறி வீங்கியிருந்தது. வலது கை விரல் நுனிகளில் பழுப்பு. அந்தப் பழுப்பை எனக்குத் தெரியாதா? ஜக்கைப் பிடித்திருந்த என் விரல்களிலும் அதே பழுப்பு.

அந்தப் பக்கம் பக்கிரியம்மாளின் தோளில், வீட்டிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் பை தொங்கியது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது வேலை போய்விடும் என்ற பயம். இவள் பிழைப்பாளா என்பது இரண்டாவதாகத்தான் வந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் வரிசை. வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. பூச்சிமருந்து என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது. ஆனால் தொண்டையும் உணவுக்குழாயும் வெந்து கிடக்கும்போது உள்ளே ஒரு குழாயைத் தள்ளினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். வெந்த இடம் கிழியும். அதோடு முடிந்துபோகும். அவர் குழாயின் நுனியில் எண்ணெய் தடவினார்.

"சார், வுடாதீங்க!" கத்திவிட்டேன். "பூச்சிமருந்து இல்ல சார். பெர்மாங்கனேட். படிகம். நான் குடுத்த பொட்டலம்."

 அவர் குழாயைக் கிண்ணத்தில் வைத்தார். ஏன் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. முகத்தைக்கூட மாற்றவில்லை. இரண்டே கேள்வி கேட்டார், அதுவும் காதில் விழாத குரலில்.

"எவ்வளவும்மா?"

"ஒரு கிராம் சார். முழுசும் குடிச்சாளான்னு தெரியல."

"எப்ப குடுத்தீங்க?"

"எட்டு மணிக்கு."

பிறகு அவர் செய்தவற்றை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். அவளை நிமிர்த்தி உட்கார வைத்தார். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்றார். எரித்துக்கொண்டே இறங்கியது ஏறும்போதும் எரிக்கும். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். ஸ்டெதஸ்கோப்பைத் தொண்டையின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மூச்சு உள்ளே போகும்போது லேசாக ஒரு விசில் இருந்ததாம். ஆக்சிஜன் வைத்தார், ஊசி போட்டார். அப்புறம் அவள் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளை வடிதாளில் வைத்தார். பக்கத்தில் ஒப்பிட ஒரு சொட்டு வேண்டும். யாரையும் கேட்கவில்லை. புது ஊசி எடுத்துத் தன் விரலையே குத்தி அதன் பக்கத்தில் வைத்தார். இந்தச் சரக்கு ரத்தத்தைக் கெடுத்தால் ரத்தம் சாக்லேட் நிறமாகிவிடும், காற்று பட்டாலும் சிவக்காது. எல்லோரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் ஒரே சிவப்பாக இருந்தன.

"ரத்தம் நல்லா இருக்கு. தொண்டைதான் பயம். வீங்கி அடைச்சுதுன்னா வழியில நான் கழுத்துல ஓட்ட போட வேண்டி வரும்" என்றார். அதற்கான கருவிகளை எடுத்துக்கொண்டு, அவளோடு தானே ஆம்புலன்ஸில் ஏறினார். ஏறுமுன் கூட்டத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கே கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னார். அவரோடு வேலை பார்த்த வருஷங்களில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரே தடவை.

"இந்தப் பொண்ணு சாகறதுக்குக் குடிக்கல. ஆஸ்பத்திரி குடுத்த மருந்தத்தான் குடிச்சிருக்கு. தப்பு எங்களுது. இனி ஒருத்தர் வேற மாதிரி பேசக் கூடாது."

'எங்களுது' என்றார். வசந்தாவுடையது என்று சொல்லவில்லை. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

தஞ்சாவூரில் அவளை வைத்துப் பார்த்தார்கள். கழுத்தில் ஓட்டை போட வேண்டி வரவில்லை. ஐந்தாம் நாள் பார்க்கப் போனேன். பக்கிரியம்மாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது நியாயம்தான். செந்தாமரைக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என்னைத் திட்டுவாள், காறித் துப்புவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். அவள் தலைமாட்டிலிருந்த நோட்டை எடுத்து எழுதி நீட்டினாள்.

'நான் மருந்து குடிக்கலன்னு அவர்கிட்ட நீங்க சொல்லுங்க அக்கா. அவர் நம்ப மாட்டேங்குறாரு.'

ஊர்ப்பேச்சு எங்களுக்கு முன்னால் சிங்கப்பூர் போய்விட்டிருந்தது. வார்டு வராந்தாவில் நின்று அவனுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், "அவளுக்கு நான் என்னங்க குறை வச்சேன்?" என்று அழுதான்.

"தம்பி, ஒரு குறையும் இல்ல. அவ படிச்சதத்தான் குடிச்சா. நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. 'காலை' என்ற சொல்லை விளக்கினேன். காலுக்கு என்று நினைத்து எழுதியது, பொழுது விடிந்ததும் என்று ஆகிவிட்டதை.  பிறகு, "கொஞ்சம் அவகிட்ட போன காதுல வைங்க" என்றான். உள்ளே போனேன். வைத்தேன். அவன் என்ன சொன்னானோ, அவள் பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டி ஆட்டி அழுதாள்.

விசாரணை வந்தது. நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். எனக்குக் கண்டனம் பதிவானது. டாக்டர் செல்லதுரை தன் அறிக்கையைக் கொடுப்பதற்கு முன் என்னிடம் காட்டினார். என் தப்பை ஒரு வார்த்தை குறைக்காமல் எழுதியிருந்தார். அதற்கடியில் ஒரு வரி: 'பாட்டில் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று நான் வழி சொல்லி வைக்கவில்லை. அது என் பொறுப்பு.' அதை எடுத்துவிடுங்கள் சார் என்று மன்றாடினேன். "உண்மைதானேம்மா" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவரைப் போல ஒரு மேலதிகாரியிடம் வேலை பார்த்தது என் பாக்கியம். இதை அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் குரலைத் தாழ்த்திவிடுவார்.

அதற்குப் பிறகு பாட்டில் வரும் வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துதான் கால்களை ஊற வைக்க வேண்டும், கெஞ்சினாலும் படிகம் கிடையாது. என் எழுத்தும் மாறியது. உறையில் முதல் சொல் 'குடிக்க' அல்லது 'குடிக்கக் கூடாது'. காலுக்கு 'காலை' என்று எழுதுவதே இல்லை, 'பாதம்'. அப்புறம் வாங்குகிறவர் அதை எனக்கு வாய்விட்டு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கத் தெரியாதவர் நான் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வரிசை நீளும், முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

குழுவில் கேட்ட பெண்ணே, அந்தப் பாட்டிலைச் சிங்க்கில் கொட்டாதே. தேதி பார், கிளிசரினிடமிருந்து தள்ளி வை, காலாவதி ஆகியிருந்தால் முறைப்படி எழுதிக் கொடுத்துத் திருப்பி அனுப்பு. அதை வெறுக்காதே. எத்தனையோ பெண்கள் அந்த ரோஸ் தண்ணீரில் கால் வைத்துவிட்டு மறுநாள் வயலில் இறங்கியிருக்கிறார்கள். மருந்து பொல்லாதது அல்ல. அன்றைக்குப் பொல்லாததாக இருந்தது என் அவசரம்.

செந்தாமரை பிழைத்தாள். குரல்தான் பழையபடி திரும்பவில்லை. கரகரப்பாக, யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பது போல ஒரு குரல். அந்தக் கரகரப்பு என் கையெழுத்து. எங்கே மாற்றலாகிப் போனாலும் அது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கடைசி இரண்டு வருஷம் மறுபடி அதே ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரிட்டயர் ஆகிற அன்று வரிசையில் அவள் நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மாமியாருக்குக் கால் மறுபடி புண்ணாகிவிட்டதாம். வயதாகிவிட்டது, ஆனாலும் நடவுக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறாராம். பழுப்புப் பாட்டிலில் ஊற்றி, எழுதி ஒட்டி, நீட்டினேன். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தாள்.

"ஏய், படிச்சுக் காட்டிட்டுப் போ."

"எதுக்குக்கா?" என்றாள் அந்தக் குரலில். "நீங்க எழுதுனதுதானே."

"நான் எழுதுனதுனாலதான் சொல்றேன். படி."

சிரித்துக்கொண்டே பாட்டிலை வெளியே எடுத்து, வெளிச்சத்துக்காகக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வரிசை முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

"குடிக்கக் கூடாது. பத்து மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். பாதம் ஊற வைக்க. சரியாக்கா?"

"சரி" என்றேன். அடுத்தவர் சீட்டுக்குக் கையை நீட்டினேன்.